ரீஃப் தொட்டிக்குக் கன்ட்ரோலர்: இன்க்பேர்ட் ஐடிசி-308, இரண்டு வருடம் ஓட்டிய பிறகு

சுங்கை சிப்புட்டில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கடலைப் பார்க்கவே லூமுட் வரை காடி ஓட்ட வேண்டும், அப்படிப்பட்ட ஊரில் ஹாலில் நாலடித் தொட்டி, நானூறு லிட்டருக்கு மேல் உப்புத் தண்ணீர். எனக்குச் செம்பனை ஆலையில் சார்ஜ்மேன் வேலை, அதாவது மின்சாரப் பொறுப்பு. அதனால் தொட்டிச் சாதனங்களைத் தானாகப் போட்டு அணைக்கும் கன்ட்ரோலர் வாங்கும்போது எல்லாரும் போன் ஆப்பைப் பார்ப்பார்கள், நான் உள்ளே கரண்டைச் சேர்த்துத் துண்டிக்கும் ரிலேயைத்தான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை, அதுதான் கதை.

முதலில் நான் வாங்கியது ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த ஒரு ஆல்-இன்-ஒன் பெட்டி. பிராண்ட் பெயர் வேண்டாம். ஆறு சாக்கெட், வெப்பம், பிஎச், தண்ணீர் மட்டம், போனில் அழகான கிராஃப், எல்லாம் இருந்தது. தண்ணீரைக் குளிராக்கும் சில்லர், தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி ஏற்றும் ரிட்டர்ன் பம்ப், அலை கிளப்பும் வேவ்மேக்கர், லைட் என்று வீட்டில் இருந்த அத்தனையையும் அதில் சொருகினேன்.

நாலு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் நைட் ஷிப்டில் இருக்கும்போது வீட்டில் இருந்து போன். "என்னங்க, இடி இடிச்சு கரண்டு போய் வந்துடுச்சு, ஃபேன் ஓடுது, தொட்டில சத்தமே இல்லையே?" என்றாள். மின்கசிவுக்குக் கரண்டைத் துண்டிக்கும் ஈஎல்சிபி விழுந்திருக்கிறது, அவளே தூக்கிவிட்டிருக்கிறாள், ஆனால் பெட்டி வைஃபையைத் தேடிக்கொண்டு எல்லா சாக்கெட்டையும் அணைத்து வைத்துக் காத்திருந்தது. மோடமோ அதே இடியில் போய்விட்டது. பம்பைக் கழற்றி நேரே சுவரில் சொருகச் சொன்னேன், மீன்கள் பிழைத்தன.

அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. அடுத்த மாதம் பெட்டியில் சில்லருக்கான ரிலே அணைய முடியாமல் ஒட்டிக்கொண்டது. பெட்டியில் "10 ஆம்பியர்" என்று போட்டிருந்தது, சரிதான், ஆனால் அது ஹீட்டர் மாதிரியான சுமைக்குச் சொல்லும் கணக்கு. கம்ப்ரஸர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், சின்ன ரிலேயின் முனைகள் மெல்ல மெல்லக் கருகி ஒரு நாள் அப்படியே வெல்ட் ஆகிவிடும். ஆலையில் மோட்டாருக்குக் கான்டாக்டர் (பெரிய சுமையைத் தாங்கும் ரிலே) போடாமல் ஸ்டார்ட் பண்ணினால் நானே திட்டுவேன், வீட்டில் அதைத்தான் செய்து வைத்திருந்தேன். போதாததற்கு, கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும் என்று சில்லரின் சொந்தத் தெர்மோஸ்டாட்டை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருந்தேன். காலையில் தண்ணீர் 21 டிகிரி. இரண்டு அக்ரோப்போரா பவளம் தோலுரிந்து வெறும் எலும்பாக நின்றன.

அப்புறம்தான் இன்க்பேர்ட் ஐடிசி-308. நம்ம ஊர் மூன்று கால் பிளக்கோடு வரும் 220 வோல்ட் பதிப்பு. இரண்டே சாக்கெட், ஒன்று சூடாக்க, ஒன்று குளிராக்க. அமெரிக்கர்களின் வீடியோவில் பாதி நேரம் ஹீட்டரைப் பற்றியே பேசுவார்கள், மதியம் ஹாலே 32 டிகிரி காட்டும் ஊரில் ஹீட்டர் எதற்கு? குளிர் சாக்கெட்டில் மட்டும் சில்லர். 26 வைத்து, குளிர் வித்தியாசம் 0.5 கொடுத்தால் 26.5-ல் கிளம்பி 26-ல் நிற்கும். இதில் எனக்குப் பிடித்ததே கம்ப்ரஸர் தாமதம்: நின்ற கம்ப்ரஸரை உடனே மறுபடி கிளப்பாது, பத்து நிமிடம் வரை தள்ளி வைக்கலாம், நான் ஐந்து வைத்திருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் வைஃபை இருக்கிறதா என்றெல்லாம் கேட்காமல் அது பாட்டுக்கு வேலையைத் தொடரும். அப்படியும் நடுவில் ஒரு கான்டாக்டர் போட்டுவிட்டேன், சூடு கண்ட பூனை. சில்லரின் சொந்தத் தெர்மோஸ்டாட்டை 25-ல் வைத்திருக்கிறேன், பெட்டி ஒட்டிக்கொண்டாலும் அதற்குக் கீழே போகாது.

குறை என்றால் இது வெப்பத்தைத் தவிர வேறெதையும் பார்க்காது. சாதா மாடலில் பீப் சத்தம் மட்டும்தான், போனுக்குச் செய்தி வேண்டுமானால் வைஃபை மாடலைத்தான் வாங்க வேண்டும். ரிட்டர்ன் பம்பும் வேவ்மேக்கரும் இப்போது நேரே சுவரில், எந்தப் பெட்டிக்கும் கட்டுப்படாமல். ஆவியாகும் தண்ணீரை நிரப்ப இரண்டு சென்சார் வைத்த தனி ஏடிஓ, அதாவது தானாகத் தண்ணீர் நிரப்பும் கருவி. லைட்டுக்கு அதன் டைமரே போதும்.

ஈப்போவில் ஒரு நண்பர் நெப்டியூன் அபெக்ஸ் என்ற விலையுயர்ந்த கன்ட்ரோலர் வைத்திருக்கிறார், போய்ப் பார்த்தேன். பொறாமையாகத்தான் இருந்தது. அதன் மூளைப் பெட்டி செத்தாலும் ஒவ்வொரு சாக்கெட்டும் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்பதை "ஃபால்பேக்" என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். என்னுடைய பழைய பெட்டியில் இல்லாமல் போனது அந்த ஒரு வரிதான். கூட டிரைடென்ட் என்ற சோதனைக் கருவியைச் சேர்த்தால் அல்கலினிட்டி, கால்சியம், மெக்னீசியம் மூன்றையும் அதுவே சோதிக்கும், ஆனால் ரசாயனப் பாட்டில் தீரத் தீர வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஜெர்மனியின் ஜிஎச்எல் புரோஃபிலக்ஸும் இதே வரிசைதான். எதை வாங்கினாலும் சாக்கெட்டுகள் இருக்கும் பவர் பார் எந்த ஊருக்கானது என்று கேட்டுவிடுங்கள், அமெரிக்காவில் 120 வோல்ட், நமக்கு அதைப்போல இரண்டு மடங்கு. பிஎச் புரோபை 7, 10 கரைசலில் அவ்வப்போது சரிபார்த்து, ஒன்றிரண்டு வருடத்தில் மாற்றவும் வேண்டும். ஜன்னலை மூடி ஏர்கான் போட்டால் மூச்சுக்காற்றிலேயே பிஎச் இறங்கும், அதற்குக் கன்ட்ரோலர் ஒன்றும் செய்யாது, ஜன்னலைத் திறக்க வேண்டும்.

தொட்டி நிறைய அக்ரோப்போரா, தினமும் டோசிங் (கால்சியம் போன்றவற்றை அளந்து ஊற்றுவது), அடிக்கடி வெளியூர் என்றால் அபெக்ஸுக்குப் பணம் சேருங்கள். ஸோவாந்திட், லெதர் கோரல் போன்ற மென்மையான பவளம், இரண்டு கோமாளி மீன் என்றால் ஐடிசி-308 தாராளம், ஒரு அபெக்ஸ் விலைக்குப் பத்துக்கு மேல் வாங்கலாம். நான் இரண்டு வாங்கினேன். இரண்டாவதையும் 26-க்குச் செட் பண்ணி, எது எதில் சொருகுவது என்று ஸ்டிக்கர் ஒட்டி, டிவி அலமாரியில் வைத்திருக்கிறேன், நைட் ஷிப்டில் போன் வந்தால் மாற்றச் சொல்வதற்கு.