பழைய போர்டு கேம்களை மாற்றிக்கொள்ள மூன்று வழிகள்: எதில் என்ன ஒழுங்கு?

விளையாடித் தீர்த்த போர்டு கேம்களைக் கைமாற்ற இப்போது மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. இருவர் தமக்குள் பேசி முடிக்கும் நேர் மாற்று ஒன்று. பலர் ஒன்றுகூடிக் கணினி நிரலின் துணையோடு நடத்தி, பெட்டிகளை அஞ்சலில் அனுப்பிக்கொள்ளும் ‘மேத் டிரேட்’ இன்னொன்று. அதே மேத் டிரேடை ஒரு கண்காட்சி அரங்கில் நேரில் முடித்துக்கொள்வது மூன்றாவது. மூன்றுக்கும் வேண்டிய நேர்மை ஒன்றுதான் என்றாலும், பங்கேற்பவரிடம் அவை எதிர்பார்க்கும் பொறுப்பு ஒரே அளவினது அன்று.

நேர் மாற்றில் பேச இடமுண்டு. கட்டான் என்ற விளையாட்டின் 19 அறுகோண ஓடுகளும் இருக்கின்றனவா என்று கேட்கலாம், படம் அனுப்பச் சொல்லலாம், மதிப்பு சரியாக வரவில்லையென்றால் ஒரு சிறிய சீட்டு விளையாட்டைச் சேர்த்துத் தரும்படியும் கேட்கலாம். குறை தெரியவந்தால் அதைத் தந்தவரிடமே முறையிடலாம். நம் பொருள் அவரிடம் இருப்பதால் அவரும் எளிதில் தட்டிக்கழிக்க மாட்டார். விரைந்து பதில் சொல்வதும், வேண்டாம் என்பதைத் தெளிவாகச் சொல்வதுமே இங்கு வேண்டிய மரியாதை. ஆனால் என்னிடம் இருப்பதை விரும்புபவரிடமே நான் விரும்புவதும் இருக்க வேண்டும் என்பதால், இந்த வழியில் காத்திருப்பு நீளும்.

அந்தத் தடையை மேத் டிரேட் நீக்குகிறது. ஒவ்வொருவரும் தம் பொருள்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஈடாக எவற்றையெல்லாம் ஏற்பார் என்று குறித்துவிட்டால், கிறிஸ் ஒகசாகி எழுதிய டிரேட் மேக்ஸிமைசர் போன்ற நிரல், இயன்ற அளவு அதிகமான பொருள்கள் கைமாறும்படி சுற்றுகளைக் கண்டறிகிறது. நான் ஒருவருக்குக் கொடுக்கிறேன், எனக்கு வேறொருவர் கொடுக்கிறார். பேரமும் இல்லை, பிடிமானமும் இல்லை. எல்லாரையும் காப்பது பட்டியலில் எழுதிய விவரம் ஒன்றே. ஆகவே கார்கசோன் என்ற விளையாட்டைத் தருபவர் அதன் 72 நில ஓடுகளையும் எண்ணிப் பார்த்த பிறகே ‘முழுமையானது’ என்று எழுத வேண்டும். சிகரெட் வாடை, வீட்டில் வளரும் பூனை, அட்டைகள் எந்த மொழியில் உள்ளன என்பன கேட்காமலே சொல்லப்பட வேண்டியவை. 2015இல் வந்த பாண்டெமிக் லெகசி போல, ஆடும்போதே ஒட்டியும் எழுதியும் கிழித்தும் மாற்றப்படும் விளையாட்டுகளில் ஆடிய பிரதியைப் பட்டியலில் சேர்க்காமல் இருப்பதே முறை.

நிரல் விலையைப் பார்ப்பதில்லை, விருப்பத்தை மட்டுமே பார்க்கிறது. முடிவு வந்த பின் ‘நான் கொடுத்தது இதைவிட விலை உயர்ந்தது’ என்று முறையிடுவது, தானே குறித்த விருப்பத்தைத் தானே மறுப்பதாகும். வாங்க மனமில்லாததைக் குறிக்காமல் விட்டிருக்க வேண்டும். ஒரே விளையாட்டின் இரண்டு பிரதிகள் வந்துவிடாமல் தடுக்கவும் பட்டியலிலேயே வழி உண்டு. எல்லாவற்றிலும் பெரிய பிழை முடிவுக்குப் பின் விலகுவது. ஆறு பேர் கொண்ட சுற்றில் ஒருவர் விலகினால், அவரிடமிருந்து பெறவேண்டியவர் தம் பொருளைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பார், அல்லது மற்ற ஐவரின் மாற்றும் கலைந்துபோகும். இடையில் பொருள் சேதமடைந்துவிட்டால் நிரலை ஓட்டுவதற்கு முன்பே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும். பின்னர் நேர்ந்தால் பெறுபவரைக் கேட்டு, அவர் ஏற்கும் ஈட்டைத் தர வேண்டும்.

அஞ்சல் முறையில் பொதுவாக அனுப்புபவரே செலவை ஏற்கிறார். சுமார் 10 கிலோ எடையுள்ள குளூம்ஹேவன் என்ற விளையாட்டை வெளிநாட்டுக்கு அனுப்பினால் அஞ்சல் கட்டணம் விளையாட்டின் விலையையே எட்டக்கூடும் என்பதால், எந்த நாடுகளுக்கு அனுப்ப இயலும் என்பதை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். ஜெர்மனியில் ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் எஸ்ஸென் ஸ்பீல் போன்ற கண்காட்சிகளையொட்டி நேரில் மாற்றிக்கொள்ளும்போது அந்தச் செலவும் இல்லை, பெட்டியின் மூலைகள் நசுங்குமே என்ற கவலையும் இல்லை. அங்கேயே திறந்தும் பார்க்கலாம். மாறாக, நேரம் தவறுவது இங்கே மன்னிக்கக் கடினமான குற்றமாகிறது. அஞ்சலில் ஒரு வாரத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே பெறவேண்டியவர் அன்று மாலையே விமானம் ஏறிவிடக்கூடும். வர இயலாதவர் தம் பெட்டிகளில் பொருளின் எண்ணையும் பெறுபவரின் பெயரையும் ஒட்டி, நம்பகமான ஒருவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.

கண்காட்சிக்குச் செல்பவர்களுக்கு இந்த மூன்றாவது வழியையே நான் பரிந்துரைப்பேன். செல்ல இயலாதவர்களுக்கு, தம் நாட்டுக்குள்ளேயே நடக்கும் அஞ்சல் மேத் டிரேட் போதுமானது. பதிப்பு நின்றுபோன, விலைமிக்க விளையாட்டை மட்டும் எவ்வளவு காத்திருக்க நேர்ந்தாலும் நேர் மாற்றில் கொடுப்பதே நல்லது. அதன் ஒவ்வொரு துண்டையும் பற்றிக் கேள்வி கேட்க வாங்குபவருக்கு உரிமை இருக்க வேண்டும்.