காஸ்ட் வினைலா, காலண்டர்ட் வினைலா?

ஸ்விஃப்ட் போல 4 மீட்டருக்குள் அடங்கும் காருக்கு நிறம் மாற்ற நாமே வினைல், அதாவது ஒட்டும் பிளாஸ்டிக் படலம், ஒட்டுவதென்றால் கணக்கு லேசுதான். ரோல் அகலம் 1.52 மீட்டர். பக்கத்துக்கு 4 வீதம் 8, பம்பர்களுக்கு 4, கூரை, பானெட், டிக்கிக் கதவுக்கு 5. ஆக 17 மீட்டர். கை பழகாதவர் 20 வாங்குங்கள், வீணாவது இருக்கத்தானே செய்யும்.

வினைலில் இரண்டு வகை: உருளைகளுக்கிடையே அழுத்தித் தட்டையாக்கியது காலண்டர்ட், திரவமாக ஊற்றிப் படலமாக்கியது காஸ்ட். காலண்டர்ட் மலிவு. சற்றுத் தடிமன் என்பதால் தட்டையான இடத்தில் ஒட்டவும் எளிது. ஆனால் பம்பர் வளைவில் ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி) காட்டி இழுத்து ஒட்டினால், வெயிலில் மெல்லச் சுருங்கி ஓரம் எழும்பிவிடும். காஸ்ட் மெல்லியது, குழிவுக்குள்ளும் படியும். விலைதான் இடிக்கும்.

முழுக் காருக்கு என்றால் யோசிக்காமல் காஸ்ட். கூரையை மட்டும் கறுப்பாக்க 2 மீட்டர் காலண்டர்ட் போதும். அப்புறம், ஸ்குவீஜி (படலத்தை அழுத்தித் தேய்க்கும் பட்டை), பிளேடு, துடைக்கும் ஆல்கஹால் செலவு இரண்டுக்கும் பொது.