கொழும்புச் சுவருக்கு இமல்சனா, எனாமலா?

கடையில் இமல்சன், எனாமல் என்ற இந்த இரண்டு வகைப் பெயின்ற்றும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இரண்டும் காய்ந்தால் மெல்லிய படலம்தான். ஆனால் அந்தப் படலம் உருவாகும் விதம் அடியோடு வேறு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்காற்று நேரே அடிக்கும் வீட்டுக்குப் பெயின்ற் எடுப்பவர்கள் நிற அட்டையை விரிக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பின்னால் வரும் உரிதலும் கோடுகளும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன.

இமல்சன் வாளிக்குள் இருப்பவை தண்ணீரில் மிதக்கும் அக்றிலிக் (ஒருவகைப் பிளாஸ்ரிக்) மணிகள். 100 நனோமீற்றர் அளவுள்ள மணிகள் 10,000ஐ வரிசையாக வைத்தால்தான் 1 மில்லிமீற்றர் வரும். ஒன்றோடொன்று ஒட்டிவிடாதபடி ஒவ்வொரு மணியையும் சவர்க்கார வகை மூலக்கூறுகள் போர்த்தியிருக்கும். சுவரில் பூசியதும் தண்ணீர் ஆவியாகிறது, மணிகள் நெருங்குகின்றன. இடுக்குகளில் மிஞ்சிய நீர் மயிர்த்துளை விசையால் அவற்றை இறுக்குகிறது. உருண்டை உருண்டையாக இருந்தவை அயல் மணிகளோடு நசுங்கிப் பன்னிரண்டு முகங்கள் கொண்ட வடிவத்துக்கு வருகின்றன. மாதுளம்பழத்தைப் பிளந்தால் முத்துகள் முகம் முகமாக நசுங்கி இருக்குமே, அதே கணக்கு. வானியலாளர் கெப்ளர் 1611இலேயே மாதுளையில் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்.

அதோடு வேலை முடியவில்லை. மணிக்குள் சுருண்டிருக்கும் பல்பகுதியச் (பொலிமர்) சங்கிலிகள் எல்லையைத் தாண்டிப் பக்கத்து மணிக்குள் நுழைந்து பின்னிக்கொள்ள வேண்டும். இது நடக்கும்வரை சுவர் காய்ந்ததுபோலத் தெரியும், பலம் இருக்காது.

குளிர்நாடுகளில் மணிகள் இளகாமல் விறைத்து நின்று படலம் வெடிக்கும். கொழும்பில் அந்தக் கவலை இல்லை. நமக்குப் பிரச்சினை ஈரம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தண்ணீர் வெளியேறவே தாமதிக்கும். பூசிய அன்றே மழை பிடித்தால் அந்தச் சவர்க்கார மூலக்கூறுகள் மேலே வந்து, யன்னலுக்குக் கீழே பழுப்பாகப் பிசுபிசுவென்று கோடு கோடாக வழியும். உடனே பெயின்ற் கலப்படம் என்று பெயின்ற் அடிக்கும் பாஸோடு சண்டைக்குப் போகாதீர்கள். தண்ணீர் விட்டுக் கழுவினாலே பெரும்பாலும் போய்விடும்.

மலிவு இமல்சன் வேறு கதை. அதில் சுண்ணத்தூள் அதிகம், அக்றிலிக் குறைவு. தூளுக்கு இடையிலுள்ள இடைவெளியை நிரப்ப மணிகள் போதாமல் படலம் முழுக்கத் துளையாகிவிடும். உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளைப் பொடி ஒட்டும்.

எனாமலில் மணி என்பதே இல்லை. எண்ணெய் சேர்ந்த அல்கைட் என்ற பிசின் கரைப்பானில் கரைந்திருக்கிறது. கரைப்பான் பறந்தபின் காற்றிலுள்ள ஒட்சிசன் வந்து, அதன் எண்ணெய்ச் சங்கிலிகளை ஒன்றோடொன்று இணைத்து வலையாக்குகிறது. ஒட்சிசன் வெளியிலிருந்து வருவதால் மேற்பரப்புத்தான் முதலில் இறுகும். தடிப்பாகப் பூசினால் மேல்தோல் விரிய, அடியில் ஈரம் அப்படியே நிற்க, படலம் சுருங்கி மடிந்துவிடும். கேற்றின் கீழ் மூலையில், பெயின்ற் வழிந்து தேங்கிய இடத்தில் இதைப் பார்க்கலாம். ஒட்சிசனோடு நடக்கும் இந்த இரசாயனத் தாக்கம் காய்ந்த பிறகும் மெதுவாகத் தொடர்கிறது. வருடங்கள் போக எனாமல் நொறுங்கும் தன்மைக்கு வரும். வெளிச்சம் குறைந்த அறையில் வெள்ளைக் கதவு மஞ்சளிக்கும்.

ஆகவே சுவருக்கு இமல்சன்தான், இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. புதுச் சீமெந்துப் பூச்சில் காரம் அதிகம். அது அல்கைட்டின் மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடிக்கும் எசுத்தர்ப் பிணைப்புகளை உடைத்துச் சவர்க்காரமாக மாற்றிவிடும், எனாமல் உரிந்து விழும். இமல்சன் படலம் காரத்தைத் தாங்கும், சுவருக்குள் இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறவும் விடும்.

மரக் கதவுக்கு எனாமல் நல்லது. திரவமாகப் பரவி நிற்பதால் தூரிகைத் தடம் மறையும், பளபளப்பும் கிடைக்கும். இரும்புக் கேற்றுக்கும், துருவைத் தடுக்கும் பிறைமர் (அடிப்பூச்சு) அடித்த மேல், எனாமல் பொருந்தும். கல்வனைஸ் கேற் என்றால் மட்டும் கவனம்: இரும்பின் மேலே பூசியுள்ள நாகமும் (துத்தநாகம்) அல்கைட்டோடு சேர்ந்து சவர்க்காரம் உண்டாக்கும், பூச்சு தகடாகக் கழன்று வரும். கல்வனைஸுக்கென்றே விற்கும் பிறைமரை முதலில் பூசச் சொல்லுங்கள், தேவையில்லை என்று பாஸ் சொன்னாலும்.