"சின்ன கரெக்‌ஷன்தான் சார்": மூணு வருஷ டைம்வாரியர் கணக்கு

நான் வீட்லருந்தே வெப்சைட் பண்ணித் தர்ற ஆளு. மணிக்கணக்குலதான் பில்லு. முன்னாடியெல்லாம் மாசக்கடைசில வாட்ஸ்அப்ப மேல தள்ளித் தள்ளிப் பாத்து குத்துமதிப்பா ஒரு நம்பர் போடுவேன், எப்பவும் கம்மியாத்தான் போட்டிருக்கேன்னு இப்பதான் புரியுது.

இப்ப மூணு வருஷமா டைம்வாரியர்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் (கோட எல்லாரும் பாக்கலாம், ஃப்ரீ) சாஃப்ட்வேர்லதான் வேலை நேரத்த குறிச்சு வைக்கிறேன். அதுக்கு முன்னாடி முதல்ல போட்டது ஆக்டிவிட்டிவாட்ச். அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான், எந்த விண்டோ எவ்ளோ நேரம் ஓடுச்சுன்னு தானாவே குறிச்சுக்கும், டேட்டா நம்ம மெஷின்லயே இருக்கும். ஆனா 3 நிமிஷம் கீபோர்டு மவுஸ் தொடலன்னா ஆள் எந்திரிச்சுப் போயிட்டான்னு முடிவு பண்ணிடும். செட்டிங்ல மாத்தலாம், இருந்தாலும் எனக்கு பாதி வேலை போன்லதானே, ஒருத்தர் லோகோ கலர் பத்தி 40 நிமிஷம் பேசுவாரு, அது அத்தனையும் கணக்குல வராது.

டைம்வாரியர் நேர் எதிர், நீங்க சொல்லாம ஒண்ணும் பண்ணாது. டெர்மினல்ல, அதாவது கமாண்ட் டைப் பண்ற விண்டோல, ‘டைம்யூ ஸ்டார்ட்’டுன்னு அடிச்சு பக்கத்துல டேக் (யாருக்கு, என்ன வேலைன்னு ஒரு பேரு) போட்டா ஓடும், வேற டேக் போட்டு ஸ்டார்ட் குடுத்தா பழசு அதுவா முடிஞ்சிடும். மாசத்துக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல், ஒரு வேலைக்கு ஒரு வரி, அவ்ளோதான். முதல் நாள் அந்த ஃபைல தொறந்து பாத்தா காலைல 9 மணிக்கு ஆரம்பிச்ச வேலை 033000ன்னு, அதாவது மூணரை மணின்னு இருக்கு, பகீர்னு ஆயிடுச்சு. அப்புறம்தான் பின்னாடி ஒட்டிட்டிருந்த இசட்ட பாத்தேன், உலகப் பொது நேரமான யூடிசில சேமிக்குது, நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னாடி. ரிப்போர்ட்ல நம்ம டைம்தான் வரும்.

ஸ்டாப் பண்ண மறக்குறதுதான் பெரிய தொல்லை. ராத்திரி அப்டியே படுத்துட்டேன், காலைல பாத்தா 11 மணிநேரம் ஒரே கிளையண்டுக்கு உழைச்சிருக்கேன்! ‘ஷார்ட்டன்’னு ஒரு கமாண்ட் இருக்கு, அதிகப்படிய வெட்டிடலாம். ‘கேப்ஸ்’னு போட்டா குறிக்காம விட்ட நேரம் தெரியும், இது எனக்கு ரொம்ப உதவுச்சு.

வேலை லிஸ்டுக்கு டாஸ்க்வாரியர், ரெண்டையும் இணைக்க ஹூக்னு ஒரு குட்டி ஸ்க்ரிப்ட் போட்டா அங்க ஸ்டார்ட் குடுத்தா டைம்வாரியர்லயும் ஓடும். 2024ல டாஸ்க்வாரியர் 3.0 வந்தப்ப டெக்ஸ்ட் ஃபைல விட்டுட்டு எஸ்க்யூலைட்டுங்கிற டேட்டாபேஸுக்கு மாறிட்டாங்க, பழசை எக்ஸ்போர்ட் பண்ணி இம்போர்ட் பண்றதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழமை காலி.

சரி, என்ன கண்டுபுடிச்சேன்னா, ‘கரெக்‌ஷன்’னு தனியா ஒரு டேக் வச்சிருந்தேன். ஒரு கடையோட சைட்டு, கட்டி முடிக்க 31 மணிநேரம், அதுக்கப்புறம் "சின்ன கரெக்‌ஷன்தான் சார்" மட்டும் 19 மணிநேரம்! இப்ப கொட்டேஷன்லயே ரெண்டு தடவை திருத்தம் ஃப்ரீ, மூணாவதுலருந்து காசுன்னு எழுதிடறேன். ஒருத்தர் முறைச்சாரு, டைம்யூ சம்மரிய அப்டியே அனுப்பிச்சேன்.

டைம்வாரியருக்கு அவங்களே விடுற மொபைல் ஆப் கெடையாது. வெளிய கிளையண்ட பாக்கப் போனா எனக்கு நானே "10:15 டு 11:40 மளிகைக்கடை"ன்னு வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டுக்குவேன், வீட்டுக்கு வந்து காபி குடிச்சிட்டே ‘டைம்யூ ட்ராக்’ல ஏத்திடுவேன்.