நரம்பு அடிபட்ட காலின் தசையை எதில் பார்ப்பது: எம்.ஆர்.ஐ.யா, அல்ட்ராசவுண்டா?

கடந்த ஆண்டு எங்கள் ஊரான திருகோணமலையில், நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில் எனது இடது முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு முறிந்தது. தகடு வைத்துத் திருகாணி பூட்டினார்கள். எலும்பு நன்றாகவே பொருந்தியது. ஆனால் முழங்காலின் வெளிப்புறத்தில், தோலுக்கு மிக அருகே, கீழ்க்காலின் இரண்டு எலும்புகளில் மெல்லியதன் கழுத்தைச் சுற்றி ஓடும் பெரோனியல் நரம்பும் அந்த விபத்தில் நசுங்கியிருந்தது. பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியவில்லை. நடக்கும்போது விரல்கள் தரையில் இழுபடாமல் இருக்க ஒவ்வோர் அடிக்கும் முழங்காலை உயர்த்த வேண்டியிருந்தது. அந்த நரம்பு இயக்கும் தசைக்கு என்ன நேர்கிறது என்பதை அறிய எம்.ஆர்.ஐ. ஸ்கானையும் அல்ட்ராசவுண்ட் ஸ்கானையும் நான் பயன்படுத்தினேன். இப்போது இரண்டாவதையே தொடர்கிறேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவக்கூடும் என்பதால் அதற்கான காரணத்தை எழுதுகிறேன்.

நரம்புக் காயங்களை செட்டன் என்ற பிரித்தானியச் சத்திரசிகிச்சை நிபுணர் 1943 இல் மூன்றாக வகுத்தார். முதலாவதில் நரம்பிழைகள் அறாமல் அவற்றின் கடத்தல் மட்டும் தடைப்படுகிறது. சில வாரங்களிலோ மாதங்களிலோ அது தானாகச் சரியாகிவிடும். இரண்டாவதில் உள்ளிழைகள் அறுந்து வெளியுறை எஞ்சுகிறது. இழைகள் அந்த உறையினூடே நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வீதம் வளர்ந்து தசையை அடைய வேண்டும். மூன்றாவதில் நரம்பே துண்டிக்கப்படுவதால் சத்திரசிகிச்சை இல்லாமல் வழியில்லை. தசையோ காலவரையின்றிக் காத்திருக்காது. நரம்புத் தொடர்பை இழந்த தசை மெலிந்து, நாளடைவில் அதன் இடத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் பிடிக்கின்றன. ஏறத்தாழ 12 முதல் 18 மாதங்கள் கடந்துவிட்டால் நரம்பு வந்து சேர்ந்தாலும் பயன் மிகக் குறைவு. ஆகவே நரம்பு வரும் வேகமும் தசை அழியும் வேகமும் ஒன்றையொன்று எப்படி முந்துகின்றன என்பதே நோயாளியின் கேள்வி.

பொதுவான விடயங்களை விரைவில் சொல்லிவிடலாம். இரண்டிலும் கதிர்வீச்சு இல்லை. எம்.ஆர்.ஐ. செலவு மிக்கது, ஒடுங்கிய குழாய்க்குள் அசையாமல் கிடக்க வேண்டும். சி.டி. ஸ்கான் கதிர்வீச்சைத் தருவதோடு கொழுப்பேறிய பிற்கால நிலையைத்தான் தெளிவாகக் காட்டும் என்பதால் அதை நான் கருத்திலேயே எடுக்கவில்லை.

எம்.ஆர்.ஐ.யின் பெருமை தொடக்க காலத்துக்குரியது. நரம்பு அறுந்த தசையில், உயிரணுக்களுக்கு வெளியே நீர் கூடுகிறது. கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் 'ஸ்டிர்' வகைப் படத்தில் அந்த நீர் வெள்ளையாகத் தெரியும். காயத்துக்குப் பின் சில நாட்களிலேயே அது தோன்றத் தொடங்கலாம். தசைக்குள் ஊசி ஏற்றி அதன் மின்துடிப்பைப் பார்க்கும் ஈ.எம்.ஜி. பரிசோதனையில் உரிய அறிகுறி வருவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் செல்லும். கடத்தல் மட்டும் தடைப்பட்ட முதலாம் வகைக் காயத்தில் தசை பொதுவாக இயல்பான நிறத்திலேயே இருப்பதால், காயத்தின் தரத்தைப் பிரித்தறியவும் இது உதவுகிறது. முழங்காலில் உலோகத் தகடு இருந்தபோதிலும், 'ஸ்டிர்' முறை உலோகத்தின் அருகில் கொழுப்பை அடக்கும் மற்ற முறைகளைவிடக் குறைவாகவே குழம்பும் என்பதால், கீழ்க்காலின் நடுப்பகுதியை என் படத்தில் தெளிவாகப் பார்க்க முடிந்தது. மூன்றாம் வாரம் எடுத்த அந்தப் படத்தில் கணைக்கால் எலும்பின் முன்புறத் தசை முழுவதும் வெளுத்திருந்தது. பின்புறக் கெண்டைத் தசையில் மாற்றமே இல்லை. எந்த நரம்பு, எந்தத் தசைகள் என்பது ஒரே படத்தில் தீர்ந்தது. அதற்கு நான் நன்றியுடையவன்.

ஆனால் அது ஒரு நாளின் படம். அதற்காகக் கட்டுப்போட்ட காலுடன் இரவுப் புகையிரதத்தில் கொழும்புக்குப் போய்வந்தேன். என் அண்ணர் இரண்டு நாள் வேலையை விட்டு உடன் வந்தார். எனக்குத் தேவைப்பட்டதோ ஆறு வாரங்களுக்கு ஒருமுறை, ஓர் ஆண்டுக்குக் குறையாமல், ஒரே தசையைப் பார்த்துக்கொண்டே இருப்பது. அத்தனை முறையும் கொழும்புக்குப் பயணம் போவது என் குடும்பத்தால் இயலாது. மீண்டும் மீண்டும் பார்க்க முடிகிறதா என்பதே என் தேர்வைத் தீர்மானித்தது.

திருகோணமலையிலேயே அல்ட்ராசவுண்ட் எடுக்கலாம் என்றாலும், 'எடுத்தேன்' என்று சொல்வதற்கும் 'ஒப்பிடக்கூடியதாக எடுத்தேன்' என்று சொல்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. எட்டாம் வாரம் ஒரு தனியார் நிலையத்தில் எடுத்த முதல் ஸ்கானில் அளந்த இடமோ கருவியின் அமைப்போ குறிக்கப்படவில்லை. 'தசை மெலிந்துள்ளது' என்ற ஒற்றை வரி மட்டும் வந்தது. அடுத்த அளவீட்டை எதனுடன் ஒப்பிடுவது? பத்தாம் வாரம் வேறோரிடத்தில் பார்த்த கதிரியக்கவியல் வைத்தியர், "ஐயா, ஒவ்வொரு முறையும் இதே புள்ளியில்தான் பார்க்க வேண்டும்" என்று சொல்லி, முழங்காலின் வெளிப்புற மேட்டிலிருந்து கணுக்காலின் வெளிப்புற மேடு வரை நாடாவால் அளந்து, மேலிருந்து மூன்றிலொரு பங்கில் பேனையால் குறியிட்டார். அந்தத் தூரத்தை என் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

கருவியின் ஒளிர்வைக் கூட்டினால் நல்ல தசையும் வெளுத்துத் தெரியும். பிடிமுனையைச் சற்றுச் சரித்தாலே சாம்பல் நிறம் மாறிவிடும். அழுத்திப் பிடித்தால் தசை தட்டையாகி, இல்லாத மெலிவு இருப்பதாகத் தோன்றும். அதனால் ஜெல்லைத் தடிப்பாகப் பூசி, அழுத்தாமல், செங்குத்தாகப் பிடித்து, ஒரே அமைப்பில், இயன்றவரை ஒரே வைத்தியரிடம், இரு கால்களையும் ஒரே அமர்வில் எடுக்க வேண்டும். நலமான காலே அளவுகோல் என்பதால் அதை விட்டுவிட்டு எடுக்கும் ஸ்கானில் பாதிப் பயன் போய்விடுகிறது. என் வலது காலின் தசைத் தடிப்பு 27 மி.மீ.; இடது காலில் முதலில் 21, பின்னர் 19, அதன்பின் மீண்டும் 19. இறங்கிக்கொண்டிருந்த எண் நின்றுவிட்டது என்ற செய்தியை இரண்டு எம்.ஆர்.ஐ. படங்களால் தந்திருக்க முடியாது. இடையில் எடுத்த ஒவ்வோர் அளவீடும் அதற்குத் தேவைப்பட்டது.

கொழுப்பும் நாரும் கூடக்கூடத் திரையில் வெளுக்கும் தசையின் நிறத்துக்கும் ஓர் அளவீடு உண்டு. தசைநோயுள்ள பிள்ளைகளைப் பார்த்து ஹெக்மட் என்ற வைத்தியரும் உடன் பணியாற்றியவர்களும் 1982 இல் வகுத்த நான்கு படிகளில், தசை எவ்வளவு வெளுத்திருக்கிறது, அதன் அடியிலுள்ள எலும்பின் கோடு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பவற்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். நான்காம் படியில் எலும்பின் கோடே மறைந்துவிடும். எனக்கு இரண்டாம் படிக்கு மேல் போகவில்லை.

இவையெல்லாவற்றையும்விட, தசை அசைவதைக் காண முடிவதற்காகவே நான் அல்ட்ராசவுண்டின் பக்கம் நிற்கிறேன். ஆறாம் மாத ஸ்கானின்போது, "பாதத்தைத் தூக்க முயன்று பாருங்கள்" என்றார் வைத்தியர். பாதம் அசையவில்லை. ஆனால் திரையில், தசையின் மேற்பகுதியில் ஒரு சிறு துடிப்பு. மறுபடி முயன்றேன், மறுபடியும் துடித்தது. நசுங்கிய இடத்திலிருந்து தசைக்குள் நரம்பு நுழையும் இடம் வரை ஏறத்தாழ 10 செ.மீ. என்று முன்பே கணக்கிட்டிருந்தோம். அதன்படி நூறு நாட்களுக்குப் பின் எந்நேரமும் அது வரலாம். வெறுங்கண்ணுக்குப் புலப்படுவதற்கு முன்பே அது வந்துவிட்டதை நான் பார்த்தேன். அசையாமல் கிடந்து எடுத்த என் எம்.ஆர்.ஐ. படத்தில் இதைக் கண்டிருக்க முடியாது.

என் அனுபவம் ஒரே காலுக்கும் ஒரே நரம்புக்கும் உரியது. அந்தத் தசையும் தோலுக்கு மிக அருகில் இருப்பது. கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னலில் அடிபட்டவர்களுக்கும், தொடை, இடுப்பு போன்ற ஆழமான தசைகள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் எம்.ஆர்.ஐ.யே பொருத்தமாக இருக்கக்கூடும். தொடக்க வாரங்களில் தசையில் கூடும் நீரை அல்ட்ராசவுண்ட் நம்பத்தக்க வகையில் காட்டுவதில்லை. வெளுப்பைக் கண்டாலும் அது கொழுப்பா நாரா என்று பிரித்துச் சொல்ல அதனால் இயலாது. கொழுப்பின் விகிதத்தையே எண்ணில் தரும் எம்.ஆர்.ஐ. முறைகள் உள்ளன. நரம்பைத் தைப்பதா, தசைநாரை இடம் மாற்றிப் பொருத்துவதா என்று சத்திரசிகிச்சை நிபுணர் தீர்மானிக்க வேண்டிய கட்டத்தில் இருப்பவர் அந்தப் பயணத்தைத் தவிர்க்கக் கூடாது. ஈ.எம்.ஜி.க்கும் இவை மாற்றல்ல; நான் அதையும் ஒருமுறை செய்துகொண்டேன்.

எட்டாம் மாத அளவீடு 21 மி.மீ. பாதம் இப்போது ஒரு விரற்கடை உயர்கிறது; மாலையில் களைத்துவிடுவதால் பாதத்தைத் தாங்கும் ஸ்ப்ளின்டை இன்னும் கழற்றவில்லை. அடுத்த ஸ்கானுக்கு அதே வைத்தியரிடம் திகதி வாங்கியிருக்கிறேன். கொப்பியும் நாடாவும் பையில் இருக்கின்றன.