‘வட்டியே இல்லை’ என்ற சொல்லை நம்பி மாற்றிய 8,000 வெள்ளிக் கடன்

கடன்பற்று அட்டை (கிரெடிட் கார்டு) நிலுவையை ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு மாற்றும் ‘பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்’ சலுகையை எடுக்க நினைப்பவர்கள், கையெழுத்திடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

அப்பாவின் மருத்துவச் செலவால் என் அட்டையில் 8,000 சிங்கப்பூர் வெள்ளி நிலுவை நின்றது. வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 27 விழுக்காடு. உட்லண்ட்ஸ் கடைத்தொகுதி ஒன்றில் மேசை போட்டிருந்த வங்கி முகவர், “அக்கா, ஆறு மாதத்துக்கு ஒரு காசு வட்டி இல்லை, கட்டணம் 2.5 விழுக்காடுதான், மாதாமாதம் மினிமம், அதாவது குறைந்தபட்சத் தொகை, கட்டினால் போதும், முடிந்ததும் நானே மறுபடி மாற்றித் தருகிறேன்” என்று தமிழிலேயே சொன்னார். மற்றொரு வங்கி 12 மாதத்துக்கு 4.5 விழுக்காடு கேட்டிருந்தது. 200 வெள்ளி எங்கே, 360 வெள்ளி எங்கே என்று கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டேன். மாதம் 700 வெள்ளி ஒதுக்க முடிந்த எனக்கு அந்த 12 மாதச் சலுகையில் கடன் முழுவதும் அடைந்திருக்கும். ஆறு மாதத்தில் அடைக்க மாதம் 1,334 வெள்ளி வேண்டும் என்ற கணக்கை அவரும் போட்டுக் காட்டவில்லை, நானும் போட்டுப் பார்க்கவில்லை. ஆறு மாதத்துக்கு 2.5 விழுக்காடு என்பது ஆண்டுக்கு ஐந்து விழுக்காட்டுக்கும் மேலான வட்டிக்குச் சமம் என்பதும் அப்போது புரியவில்லை.

கட்டணத்தைக் கழித்துக்கொண்டு 7,800 வெள்ளியைத்தான் பழைய அட்டைக்கு அனுப்பியிருந்தார்கள். எஞ்சிய 200 வெள்ளி அங்கேயே கிடந்ததை, ‘அதுதான் அடைந்துவிட்டதே’ என்று பிரிக்காமல் வைத்திருந்த மூன்றாவது கடித உறையைத் திறந்தபோதுதான் கண்டேன். வட்டியோடு, தாமதக் கட்டணமாக மாதம் 100 வெள்ளி வேறு ஏறியிருந்தது. புதிய அட்டையில் வாங்கிய மளிகைக்கும் வட்டி விழுந்தது. நிலுவை முழுவதையும் கட்டாதவரை வட்டியில்லாக் காலம் புதிய செலவுக்குக் கிடைக்காதாம்.

முகவர் பேச்சை நம்பி மூன்று விழுக்காடு மினிமம் மட்டுமே கட்டிவிட்டு, மீதிப் பணத்தைத் தங்கையின் படிப்புக்குக் கொடுத்தேன். ஆறு மாதம் முடிந்தபோது மாற்றிய கடனில் 6,660 வெள்ளி அப்படியே நின்றது. மறுமாதமே சுமார் 150 வெள்ளி வட்டி. முகவர் கைப்பேசியை எடுக்கவில்லை. வங்கியில் கேட்டதற்கு, மறுபடி மாற்றித் தருவதாக ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை என்றார்கள், அது உண்மைதான். வேறு வங்கிகளும் மறுத்தன, ஏனென்றால் அந்த 200 வெள்ளியின் தாமதம் என் கடன் அறிக்கையில் பதிவாகியிருந்தது.

நீங்கள் மாற்றுவதானால், முதலில் உங்களால் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்த்து, அதற்கேற்ற தவணைக் காலத்தைத் தேர்ந்தெடுங்கள். கட்டண விகிதத்தை அதன் பிறகு பாருங்கள். பழைய அட்டைக்குப் போய்ச் சேரும் தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய அட்டையின் நிலுவை சுழியமாகிவிட்டதா என்று நீங்களே சரிபாருங்கள்.

கடைசியில் அம்மா தன் இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். சிராங்கூன் சாலை அடகுக் கடையில் மாதம் ஒன்றரை விழுக்காடு வட்டி. அட்டை வட்டியைவிட அதுவே குறைவு. ஆறு மாதத்துக்குள் அதை மீட்க வேண்டும், இல்லையேல் வட்டியைக் கட்டித் தவணையை நீட்டிக்க வேண்டும், அதற்காகத்தான் இப்போது மாதம் 700 வெள்ளியைத் தனியாக எடுத்து வைக்கிறேன்.