சீன நிலவுக்குப் போக எந்தப் புத்தகம்?

அக்கா மகளுக்குப் பதினைந்து வயது. சீனத் தொடர்களில் மூழ்கிக் கிடப்பவள். போன கோடை விடுமுறையில் அவளுக்கு இரண்டு புத்தகங்கள் வாங்கினேன். ஒன்று, சீனப் புராணத்தை வைத்து ஆங்கிலத்தில் எழுதிய இளையோர் மாயக்கதை நாவல், அண்மையில் வந்தது. இன்னொன்று ‘மேற்கு நோக்கிய பயணம்’. 1592இல் நான்ஜிங்கில் அச்சான, நூறு அத்தியாயங்கள் கொண்ட பழைய கதை, ஆங்கில மொழிபெயர்ப்பில். புத்தரின் சுவடிகளைக் கொண்டுவரச் சீனத்திலிருந்து இந்தியாவுக்குப் போகும் ஒரு துறவியும் அவருடைய சீடர்களும்தான் கதை. இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தோம். மறுபடி வாங்கச் சொன்னால் யோசிக்காமல் பழையதைத்தான் வாங்குவேன். நாவலின் பெயர் இங்கே வேண்டாம். எழுதியவருக்கு அது முதல் புத்தகம், அடுத்தது நன்றாக வரட்டும்.

நாவல் ஒரே தொகுதி, எளிய மொழி, மூன்று நாளில் முடிந்துவிடும். பழையது நீளம், நடுவில் இழுக்கும். இதெல்லாம் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரிகிற விஷயம். நான் சொல்ல வந்தது வேறு. புராணம் அந்தக் கதைக்குள் வேலை செய்கிறதா, சும்மா சுவரில் மாட்டியிருக்கிறதா?

இரண்டு புத்தகங்களிலும் சாங்-இ என்ற நிலவுத் தேவதை வருகிறாள். வானத்தில் பத்துச் சூரியன்கள் எரிந்தபோது ஒன்பதை அம்பெய்து வீழ்த்திய ஹோ யியின் மனைவி. மேற்கின் அரசித் தாய் என்ற தேவி அவனுக்குக் கொடுத்த சாவா மருந்தைக் குடித்துவிட்டு நிலவுக்கு மிதந்து போனவள். ஏன் குடித்தாள் என்பதில்தான் கதையின் உயிரே இருக்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் ‘ஹுவைநான்ஸி’ என்ற சீன நூலில் அவள் அதைத் திருடுகிறாள். பிற்கால நாட்டார் வழக்கு ஒன்றில், கெட்ட சீடன் கையில் மருந்து சிக்கிவிடக் கூடாதே என்று தானே விழுங்குகிறாள். திருடியா, காப்பாற்றியவளா? சீனர்கள் இதை இரண்டு விதமாகவும் சொல்லி வருகிறார்கள்.

நாவலுக்கு இந்தச் சந்தேகமே வரவில்லை. அதில் சாங்-இ பால்போல் வெள்ளை மனசுக்காரி. அரண்மனையில் வேலை செய்யும் பதினாறு வயதுப் பெண்தான் நாயகி. அவளை இரண்டு இளவரசர்கள் காதலிக்கிறார்கள். நிலவில் மருந்து இடிக்கும் ஜேட் முயலும் உண்டு, ஆனால் அது நாயகியின் மடியில் தூங்குவதோடு சரி. அக்கா மகள் பாதியிலேயே சொல்லிவிட்டாள்: “சித்தி, இந்த நிலாவை எடுத்துட்டு ஒலிம்பஸ் மலையை வெச்சா கூட இதே கதைதான் ஓடும்.” உட்கார்ந்து நாங்களே கிரேக்கப் புராணத்தை வைத்து மாற்றிப் பார்த்தோம். வானுலகை ஆளும் ஜேட் பேரரசருக்குப் பதில் ஜீயஸ், சாங்-இக்குப் பதில் ஆர்ட்டெமிஸ். ஒரு காட்சிகூடக் கலையவில்லை. பட்டும் தேநீரும் மூன்கேக்கும் மட்டும்தான் உதிர்ந்தன. எனக்கு வருத்தமாக இருந்தது. இவ்வளவு பெரிய புராணம் கையில் இருந்தும் அதிலிருந்து ஒரு முடிச்சைக்கூட எழுதியவர் எடுத்துக்கொள்ளவில்லையே என்ற வருத்தம்.

இப்போது பழைய கதையின் முயலைப் பாருங்கள். 93 முதல் 95 வரையிலான அத்தியாயங்கள். துறவியும் சீடர்களும் இந்தியாவுக்கே வந்துவிட்டார்கள். அங்கே ஓர் இளவரசி மாடத்திலிருந்து பூப்பந்தை எறிந்து துறவியையே மாப்பிள்ளையாகத் தேர்ந்தெடுக்கிறாள். அவள் போலி. உண்மையான இளவரசி ஒரு மடத்தில் பைத்தியம்போல் நடித்துத் தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறாள். குரங்கு வீரன் சுன் வுகோங் போலி இளவரசியோடு மோதுகிறான். அவள் கையில் இருப்பது ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்த குட்டைத் தடி. வேறென்ன, மருந்து இடிக்கும் உலக்கைதான்! அவன் ஓங்கி அடிக்கப் போகும் நேரத்தில் நிலவின் தலைவியான வேறொரு தேவி, சாங்-இயோடு இறங்கி வந்து தடுக்கிறாள். உண்மையான இளவரசி முற்பிறவியில் நிலவில் இருந்த தேவமகள், முயலை ஓர் அறை அறைந்தவள், அப்புறம் மண்ணில் பிறந்தாள். பதினெட்டு ஆண்டுகளாக அந்த அறையை மறக்காத முயல் பழி தீர்க்க வந்திருக்கிறது. இதற்கு நடுவில் பன்றிமுகச் சீடன் ஜூ பாஜியே, தேவமகளிர் கூட்டத்தைக் கண்டதும் தாவிப் போய் ஒருத்தியைக் கட்டிக்கொள்கிறான். வானுலகத்தில் தளபதியாக இருந்தவன், குடித்துவிட்டுச் சாங்-இயிடம் தகாத முறையில் நடந்துகொண்டதால்தான் பூமிக்குத் தள்ளப்பட்டான். அத்தனை அத்தியாயங்கள் கழித்தும் புத்தி மாறவில்லை.

இந்த மூன்று அத்தியாயங்களில் ஒலிம்பஸை வைத்துப் பாருங்கள். முடியாது. முயல், உலக்கை, மறுபிறவி, அறை, எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

வானுலகமும் அப்படித்தான். அங்கே பதவி உண்டு, பதிவேடு உண்டு. வுகோங்குக்கு முதலில் கிடைப்பது குதிரை லாயத்து வேலை. அது கடைநிலைப் பதவி என்று தெரிந்ததும்தான் அவனுக்குக் கோபம் வருகிறது. கடைசியில் புத்தரின் இடத்திலேயே அன்பளிப்பு கொடுக்காததால் எழுத்தே இல்லாத வெற்றுச் சுவடிகள் வருகின்றன, துறவி தன் பிச்சைப் பாத்திரத்தைக் கொடுத்த பிறகுதான் எழுத்துள்ள சுவடி கைக்கு வருகிறது. (அந்தத் துறவிக்கு மூலமான யுவான் சுவாங் 7ஆம் நூற்றாண்டில் நம் காஞ்சிபுரம் வரை வந்தவர் என்பதைச் சொன்னதும் அக்கா மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.)

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆர்தர் வேலியின் 1942ஆம் ஆண்டுச் சுருக்கம் படிக்கச் சுகமானது, ஆனால் நூறில் முப்பது அத்தியாயங்கள்தான். முயல் கதை அதில் இல்லை. முழுசாக வேண்டுமென்றால் ஆண்டனி யூவின் நான்கு தொகுதிகள். முயல் நான்காவதில். விலை கையைக் கடிக்கும், நூலகத்தில் கிடைத்தால் அங்கேயே எடுங்கள். நான் முதலும் நான்காவதும்தான் வரி விடாமல் படித்தேன். நடுவில் துறவியைப் பூதம் பிடிப்பதும் குரங்கு மீட்பதும் திரும்பத் திரும்ப வருவதால் தாண்டித் தாண்டிப் போனேன்.

நாவல் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பழைய கதையில் பெண்கள் பெரும்பாலும் பூதங்கள், இல்லையென்றால் மீட்கப்பட வேண்டியவர்கள். சாங்-இக்கே அதிகம் பேச்சில்லை. பதினைந்து வயதுப் பெண் தன்னைப்போல் ஒருத்தியைத் தேடினால் நாவலில்தான் கிடைப்பாள். இந்த வகையில் நான் படித்தது மூன்றே மூன்று, அதனால் எல்லாமே இப்படித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இளையோருக்காகவே எழுதி நாங்கள் வைத்த சோதனையில் தேறியதும் ஒன்று உண்டு. ஜீன் லுவென் யாங்கின் ‘அமெரிக்கன் பார்ன் சைனீஸ்’ என்ற 2006ஆம் ஆண்டுப் படக்கதை. காலில் செருப்பில்லை என்று குரங்கரசனைத் தேவர்களின் விருந்துக்குள் விடமாட்டார்கள். அமெரிக்கப் பள்ளியில் ஒதுக்கப்படும் சீனப் பையனின் கதைக்கு அந்த அவமானம்தான் வேர். முழுசும் வேண்டாம், சின்னதாக ஒன்று போதும் என்பவர்கள் அதை வாங்கலாம்.

நாவலின் இரண்டாம் பாகம் வந்துவிட்டதாம். அக்கா மகள் கேட்கவில்லை. யூவின் இரண்டாம் தொகுதி தன் கைக்கு எப்போது வரும் என்றுதான் போன வாரம் போனில் கேட்டாள்.